புல் நீலன்களைப் பிரித்தறிய எந்த பைனாகுலர்? பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21 மதிப்புரை

ஏரிக்கரையில் பொடுதலை படர்ந்த ஈரமான இடத்தில் காலை எட்டு மணிவாக்கில் மெல்ல நடந்தால், ஒவ்வோர் அடிக்கும் சாம்பல் நிறத்தில் நகத்தளவு வண்ணத்துப்பூச்சிகள் எழும்பி, இரண்டடி தள்ளி மறுபடி உட்காரும். இவைதான் புல் நீலன்கள். பள்ளிக்கரணை ஓரமோ, கரிக்கிலியோ, கோவையின் சிங்காநல்லூர்க் குளமோ, எங்கும் இதே காட்சிதான். ‘ஏதோ நீலன்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நாமக்கோழியைப் பார்க்கப் போகிறவர்களே அதிகம். காரணம் சோம்பல் இல்லை, கையில் இருக்கும் கருவி. பறவை பார்க்கப் பயன்படும் 8×42 (8 மடங்கு பெரிதாக்கம், 42 மி.மீ. முன் லென்ஸ்) பைனாகுலர் பலவற்றுக்கும் இரண்டு மீட்டருக்கு உள்ளே போகஸ் கிடைக்காது. நம் காலடியில் உட்கார்ந்த பூச்சியோ கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர்தான். தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் பின்னால் நகர வேண்டும். நகர்ந்தால் புல்லுக்குள் பூச்சி எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போகும்.

பாப்பிலியோ இந்த ஒரு சிக்கலுக்காகவே செய்த கருவி. குறைந்தபட்ச போகஸ் தூரம் அரை மீட்டர். இப்போது விற்பனையில் இருப்பது இரண்டாம் தலைமுறை. 6.5×21, 8.5×21 என்று இரண்டு வகை. எடை 290 கிராம், சட்டைப்பையில் நுழையாது, இடுப்புப்பையில் நுழையும். பொதுவாக ‘நல்ல பைனாகுலரா’ என்று கேட்டால் பதில் இழுபறிதான். ‘புல் நீலன்களைப் பிரித்தறிய உதவுமா’ என்று கேட்டால், 6.5 வகைக்குத் தயங்காமல் ஆம் என்பேன். 8.5 வகையை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். ஏன் என்பதற்குக் கணக்கே இருக்கிறது.

பெரிதாக்கம் எத்தனை மடங்கு என்பதை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். பூச்சி இருக்கும் தூரத்தை அந்த மடங்கால் வகுத்துப் பாருங்கள். வெறுங்கண்ணால் எவ்வளவு அருகில் வைத்துப் பார்ப்பதற்குச் சமம் என்பது தெரிந்துவிடும். இரண்டு மீட்டரில் 8 மடங்கு என்றால் 25 செ.மீ. புத்தகம் படிக்கும் தூரம். அரை மீட்டரில் 6.5 மடங்கு என்றால் 7.7 செ.மீ. அவ்வளவு அருகில் வைத்தால் வெறுங்கண்ணால் பெரியவர்கள் பெரும்பாலோருக்கு எதுவும் தெளியாது, இந்தக் கருவியில் தெளிகிறது. புல் நீலனின் சிறகில் இருக்கும் கரும்புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, அதைச் சுற்றியுள்ள வெள்ளை வளையம் மயிரிழை அகலம். 25 செ.மீ. கணக்கில் ‘புள்ளி இருக்கிறது’ என்பது வரை தெரியும். கை நடுக்கத்தையும் சேர்த்தால் வளையம் கரைந்துபோகும். 7.7 செ.மீ. கணக்கில் வளையமும் தெரியும், புள்ளி வட்டமா நீள்வட்டமா என்பதும் தெரியும்.

குனியவே முடியாதவர்களுக்கும் ஒரு நன்மை உண்டு. நின்றபடியே காலடியைப் பார்த்தால் ஏறக்குறைய 1.4 மீட்டர். அதை 6.5ஆல் வகுத்தால் 21 செ.மீ.தான். அதாவது சாதாரணப் பைனாகுலர் தன் மிக அருகிய தூரத்தில் காட்டுவதைவிட இது நின்ற நிலையிலேயே சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல சேதி இருக்க முடியாது.

8.5 வகை இன்னும் பெரிதாகக் காட்டும், உண்மைதான். ஆனால் மூன்று இடத்தில் உதைக்கிறது. முதலாவது காட்சிப் பரப்பு. 6.5 வகையின் காட்சிக் கோணம் 7.5 பாகை, 8.5 வகைக்கு 6 பாகை. அரை மீட்டரில் முதலாவது சுமார் 6.5 செ.மீ. அகலத்தைக் காட்டும், இரண்டாவது 5 செ.மீ.யை ஒட்டி. ஓயாமல் இடம் மாறும் பூச்சியை 5 செ.மீ. ஜன்னலுக்குள் பிடிப்பது பெரும்பாடு. இரண்டாவது, தெளிவாகத் தெரியும் ஆழம். பெரிதாக்கம் கூடக் கூட அது வர்க்க விகிதத்தில் குறையும். 8.5ஐ 6.5ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.7. அவ்வளவு மடங்கு ஆழம் 6.5 வகையில் கூடுதல். காற்றில் ஆடும் புல்நுனியில் பூச்சி உட்கார்ந்திருக்கும்போது இந்த 1.7தான் எல்லாம். மூன்றாவது வெளிச்சம். 21ஐ 6.5ஆல் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றை 3.2 மி.மீ., 8.5ஆல் வகுத்தால் 2.5 மி.மீ. வெயிலில் வித்தியாசம் தெரியாது. ஐப்பசி மேகமூட்டத்தில் நன்றாகவே தெரியும்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள, அதைத் திருப்பி முன்பக்கம் பார்த்துக்கொண்டே போகஸ் சக்கரத்தைச் சுழற்றுங்கள். அருகுப் பக்கம் போகப் போக இரண்டு லென்ஸும் ஒன்றை ஒன்று நோக்கி நகரும். அருகில் இருக்கும் பொருளைப் பார்க்க நம் கண்கள் மூக்குப் பக்கம் திரும்புமே, அதை லென்ஸ் செய்துவிடுகிறது. இந்த ஏற்பாடு இல்லாத பைனாகுலரை எப்படியோ அரை மீட்டருக்குப் போகஸ் செய்துவிட்டாலும் இரண்டு வட்டங்கள் தனித்தனியாகத் தெரியும், தலை வலிக்கும். இதிலோ பூச்சி ஒற்றை உருவமாக, ஆழத்தோடு தெரிகிறது. ஒரு சிறகு முன்னே, மற்றது பின்னே, உணர்கொம்பு நம் பக்கம் நீட்டிக்கொண்டு என்று முப்பரிமாணத்தில். கேமராவில் இது கிடைக்காது.

இனி வேலைக்கு வருவோம். நம் சமவெளி ஈரநிலப் புல்வெளிகளில் கிராஸ் ப்ளூ என்ற பெயரில் நான்கு இனங்கள் இருக்கின்றன: டார்க், பேல், லெஸ்ஸர், டைனி. தமிழில் கரும்புல் நீலன், வெளிர்புல் நீலன், சிறுபுல் நீலன், சின்னஞ்சிறு புல் நீலன் என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் பெயர்கள் வரிசையாக ஜிஜீரியா கர்சாண்ட்ரா, சூடோஜிஜீரியா மஹா, ஜிஜினா ஓட்டிஸ், ஜிஜுலா ஹைலாக்ஸ். பெயரைப் பார்த்தாலே எவ்வளவு நெருங்கியவை என்று தெரியும்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியவற்றைக் கழித்துவிடுங்கள். பின்சிறகில் மெல்லிய வால் இருந்தால் புல் நீலன் இல்லை. பின்சிறகின் அடிப்புற ஓரத்தில் ஆரஞ்சு நிறமும் அதற்குள் உலோகம் போல் மின்னும் கரும்புள்ளி வரிசையும் இருந்தால் கிராஸ் ஜ்வெல். அதுவும் நகத்தளவுதான், அதே புல்வெளிதான். அந்த மினுக்கம் பாப்பிலியோவில் தெரியும் அழகுக்கே காசு தகும். ஆரஞ்சு இல்லை, வால் இல்லை, சாம்பலில் சிறு புள்ளிகள் மட்டும் என்றால் நான்கில் ஒன்று.

அடுத்து முன்சிறகின் அடிப்புறம். சிறகு மடித்த நிலையில், உடலிலிருந்து சிறகின் நடுப்பகுதிவரை நரம்புகளுக்கு இடையே நீண்ட ஓர் இடைவெளி உண்டு, அறை என்பார்கள். அது முடியும் இடத்தில் குறுக்கே ஒரு சிறு கோடு இருக்கும். நான்கு இனத்திலும் இருக்கும் அந்தக் கோட்டை முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு கோட்டிலிருந்து உடல் பக்கமாக வாருங்கள். வழியில், அறைக்குள், தனியாக ஒரு புள்ளி இருக்கிறதா? இருந்தால் கரும்புல் நீலன் அல்லது வெளிர்புல் நீலன். இல்லாவிட்டால் சிறுபுல் நீலன் அல்லது சின்னஞ்சிறு புல் நீலன். இந்த ஒற்றைப் புள்ளிதான் பாதி வேலையை முடிக்கிறது. பலர் கோட்டையே புள்ளி என்று எண்ணிக் குழம்புவார்கள். கோடு எப்போதும் உண்டு, புள்ளிதான் கேள்வி.

இங்கே ஒரு சிக்கல் வரும். பூச்சி ஓய்வாக உட்காரும்போது முன்சிறகைக் கீழே இழுத்துப் பின்சிறகுக்குள் செருகிக்கொள்ளும். அப்போது அறையில் பாதி மறைந்துவிடும். ‘புள்ளி இல்லை’ என்று அவசரப்பட்டுச் சிறுபுல் நீலன் என்று எழுதுவது இதனால்தான் நடக்கிறது. பொடுதலையிலோ வெட்டுக்காயப்பூண்டிலோ தேன் குடிக்கும்போது முன்சிறகை உயர்த்தி வைத்திருக்கும், அந்த நேரத்தில் பாருங்கள். குறுக்குக் கோடு முழுதாகத் தெரிந்து, அதற்கும் உடலுக்கும் இடையே வெறும் சாம்பல் தெரிந்தால்தான் ‘இல்லை’ என்று சொல்லலாம். கோடே தெரியவில்லை என்றால் இன்னும் எதுவும் சொல்லக் கூடாது.

அறையில் புள்ளி இல்லாத இரண்டில், முன்சிறகின் முன் விளிம்பைப் பாருங்கள். சிறகு மடித்திருக்கும்போது தலைக்கு மேலே சாய்ந்து நிற்கும் ஓரம் அது. அந்த விளிம்பை ஒட்டியே, அறைக்கு மேலே, பொடிப் புள்ளிகள் இருந்தால் சின்னஞ்சிறு புல் நீலன். மற்ற மூன்றிலும் அங்கே வெறுமை. நம் நாட்டின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளில் இதுவும் ஒன்று. முன்சிறகு பெரும்பாலும் ஒரு செ.மீ.க்கும் குறைவு, மற்றவற்றைவிட ஒடுங்கியும் இருக்கும். விளிம்புப் புள்ளி தெரிய அரை மீட்டருக்கே போக வேண்டும், நின்றபடி முடியாது. விளிம்பு வெறுமையாக இருந்தால் கண்ணைப் பின்சிறகுக்கு மாற்றுங்கள். அதன் நடுவே வளைவாகப் போகும் புள்ளி வரிசையில், மேலிருந்து இரண்டாவது புள்ளி உடல் பக்கமாக விலகி, முதல் புள்ளிக்கு நேர் கீழே வந்து நிற்கும். வளைவு அந்த இடத்தில் உடையும். அது சிறுபுல் நீலன். பழகிவிட்டால் ஒரு மீட்டரிலிருந்தே இந்த உடைப்பு தட்டுப்படும்.

அறையில் புள்ளி உள்ள இரண்டையும் அடிப்புறத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது சிரமம். பாப்பிலியோ என்ன, நுண்ணோக்கியே வைத்தாலும் ஒரே பார்வையில் முடிவு சொல்ல நான் துணியமாட்டேன். ஆண் சிறகை விரிக்கும்வரை காத்திருப்பதே வழி. மேற்புறம் கருநீலத்தில் ஊதா கலந்து ஆழமாக இருந்தால் கரும்புல் நீலன். வெளிறிய, வெள்ளி பூசியது போன்ற நீலமும் அகலமான கருங்கரையும் இருந்தால் வெளிர்புல் நீலன். காலை இளவெயிலில் உடம்பைச் சூடாக்க சிறகைப் பாதி விரித்து உட்காரும். பத்து மணிக்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. இரண்டின் பெண்களும் மேலே பழுப்புதான், சிறகு உடலோடு சேரும் இடத்தில் கொஞ்சம் நீலத்தூவல் இருந்தால் உண்டு. பெண்ணை நிறத்தால் பிரிக்கப் பார்க்காதீர்கள், எந்தச் செடியில் முட்டை வைக்கிறது என்று பின்தொடருங்கள்.

செடி தெரிந்தவர்களுக்கு இந்த நான்கும் பாதி எளிது. வெளிர்புல் நீலனின் புழு தின்பது புளியாரை. கரும்புல் நீலன் குப்பைக்கீரை, முள்ளிக்கீரை, நெருஞ்சி பக்கம் போகும். சிறுபுல் நீலனுக்குப் பயறுக் குடும்பத்துச் சிறுசெடிகள், சிறுபுள்ளடி, தொட்டாற்சிணுங்கி போன்றவை. சின்னஞ்சிறு புல் நீலனுக்கு நீர்முள்ளிக் குடும்பம். ஏரி உள்வாயில் தண்ணீர் வடிந்த சேற்றில் ஊதாப் பூவோடு முள்ளும் கணுவுமாக நிற்குமே, அந்த நீர்முள்ளியும் இதில் சேர்த்தி. ஈரநிலத்தில் இந்த இனத்தைத் தேடுகிறவர் முதலில் நீர்முள்ளிப் புதரைத் தேட வேண்டும். பெண் பூச்சி வயிற்றை வளைத்து மொட்டிடுக்கில் முட்டை வைப்பதை அரை மீட்டரிலிருந்து பார்க்க முடிகிறது. முட்டை வெண்பச்சையில் தட்டையான வில்லை போல இருக்கும். பூச்சி பறந்த பிறகு அதே இடத்தில் போகஸை வைத்துத் தேடினால் கிடைக்கும்.

செடி ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை. தேன் குடிக்க எல்லாம் எல்லாப் பூவுக்கும் வரும். முட்டை வைப்பதைப் பார்த்தால் மட்டுமே செடியைக் கணக்கில் எடுங்கள். (புளியாரையும் வெளிர்புல் நீலனும் உலகச் செய்தியான கதை வேறு. 2011இல் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு கதிர்வீச்சின் விளைவை ஆராய ஒகினாவாவின் ரியூக்யூ பல்கலைக்கழகத்தார் எடுத்துக்கொண்டது இந்தப் பூச்சியைத்தான். வீட்டுத் தோட்டம்வரை வரும், புளியாரையை வைத்தே வளர்த்துவிடலாம் என்பதால். 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.)

பூச்சியை நெருங்கும் முறை தெரியாவிட்டால் அரை மீட்டர் போகஸ் இருந்தும் பயனில்லை. மூன்று மீட்டர் தள்ளியே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பது வெளிச்சத்துக்கு நல்லது, ஆனால் நம் நிழல் பூச்சிமேல் விழுந்த கணமே பறந்துவிடும். ஆகவே சூரியன் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி வாருங்கள். ஒன்றரை மீட்டரில் நின்று கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவந்து பூச்சியைப் பிடித்துவிடுங்கள். பிறகு கருவியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே முழங்காலை மடக்கி இறங்கி, போகஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போங்கள். அருகில் போய்விட்டு அதன்பிறகு கையைத் தூக்கினால் கதை முடிந்தது. அந்தக் கையசைவுதான் பூச்சியை விரட்டுகிறது.

போகஸ் சக்கரம் இந்தக் கருவியின் பலமும் பலவீனமும். அரை மீட்டரிலிருந்து தொலைதூரம்வரை போக நிறையச் சுற்ற வேண்டும். பூச்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்குமேல் செந்நாரை போனால், சக்கரத்தைச் சுற்றி முடிப்பதற்குள் அது ஏரியைக் கடந்திருக்கும். பூச்சிக்குப் புறப்படும் நாளில் வெளியே கிளம்பும்போதே சக்கரத்தை ஒரு மீட்டருக்கு வைத்துவிடுவது நல்லது. அங்கிருந்து அரை மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் விரல் கொஞ்சம் நகர்ந்தால் போதும்.

இரட்டை உருவம் தெரிகிறது என்று புகார் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு குழலுக்கும் இடையேயான அகலத்தைத் தொலைவில் உள்ள மரத்தைப் பார்த்துச் சரிசெய்தவர்களாக இருப்பார்கள். அருகில் பார்க்கும்போது கண்மணிகள் சற்று உள்ளே வரும். ஒரு மீட்டரில் ஒரு இலையைப் பார்த்து, குழல்களைத் துளி நெருக்குங்கள், இரண்டு வட்டமும் ஒன்றாகும். இடது, வலது கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்வதையும் அருகுப் பொருளை வைத்தே செய்யுங்கள். தொலைவில் தெரியாத சிறு பிசகு அரை மீட்டரில் பூதாகரமாகத் தெரியும்.

கண்ணாடி அணிபவர்கள் ஐகப்பை (கண் வைக்கும் பக்கத்து வளையத்தை) முழுவதும் கீழே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 15 மி.மீ. இடம் தந்திருக்கிறார்கள். மெல்லிய கண்ணாடிக்குப் போதும். தடித்த கண்ணாடி போடுகிறவர்களுக்கு வட்டத்தின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். பூச்சி நடுவில்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

குறைகள் என்று பார்த்தால் பெரியது ஒன்று: இது தண்ணீர் புகாத கருவி இல்லை. ஈரநிலத்துக்குக் கொண்டுபோகும் கருவிக்கு இது சின்ன விஷயம் இல்லை. தூறல் தொடங்கினால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிட வேண்டும். மண்டியிடும்போது கழுத்துப் பட்டை நீளமாக இருந்தால் கருவி போய்ச் சேற்றில் இடிக்கும், பட்டையை மார்பளவுக்குச் சுருக்கிக் கட்டுங்கள். இன்னொன்று, 21 மி.மீ. லென்ஸ் என்பதால் அந்தியில் கண் இருட்டும். விடிகாலைப் பறவைக்கும் கூடு திரும்பும் கொக்குக் கூட்டத்துக்கும் இதை நம்பாதீர்கள். ஒரே ஒரு பைனாகுலர்தான் வாங்க முடியும், அதில் பறவைதான் முக்கியம் என்பவர் இதை வாங்கக் கூடாது. ஒன்றரை மீட்டர்வரை போகஸ் தரும் 8×32 ஒன்றைத் தேடிக்கொள்ளட்டும். வண்ணத்துப்பூச்சி, தும்பி, எட்டுக்கால் பூச்சி, ஓர்க்கிட் பூ என்று அலைகிறவருக்கு இதற்கு ஈடு வேறொன்று எளிதில் கிடைக்காது.

போன் கேமராவில் கிளிப் போட்டு மாட்டும் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்தானே என்று கேட்பவர்களுக்கு: அது வேலை செய்ய பூச்சிக்கு மிக அருகில், சில செ.மீ. தூரத்துக்கு, போனைக் கொண்டுபோக வேண்டும். அதிகாலையில் பனியில் நனைந்து உறங்கும் பூச்சி பொறுத்துக்கொள்ளும். வெயில் ஏறிய பிறகு நடக்காது. மேக்ரோ லென்ஸ் போட்ட கேமரா நிச்சயம் நல்ல படம் தரும், ஆனால் விலையும் எடையும் எங்கோ. பாப்பிலியோவின் ஒரு கண்ணில் போனை வைத்துப் படமெடுக்கலாம். போனின் முதன்மை கேமராவை மட்டும் பயன்படுத்தி, அதன் லென்ஸை ஐகப்பின் நடுவில் சரியாக நிறுத்தி, லேசாக ஜூம் செய்து வட்டத்தின் கறுப்பு ஓரத்தைத் தவிர்த்தால் அறைப்புள்ளி பதிவாகும். அடியில் ட்ரைபாட் திருகுவதற்குத் துளை இருக்கிறது. ஆனால் ஓயாத பூச்சிக்கு ட்ரைபாடைவிட இரண்டு முழங்கையையும் முழங்காலில் ஊன்றுவதே மேல்.

படம் அவசியமா என்றால், பதிவேற்றி அடையாளம் உறுதிசெய்ய நினைப்பவர்களுக்கு அவசியம். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இலவசமாகப் பதியலாம். படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் ஆய்வுத் தரம் என்ற முத்திரை விழும். செயலி தானாகச் சொல்லும் பெயரைப் புல் நீலன்கள் விஷயத்தில் அப்படியே அழுத்திவிடாதீர்கள். சாம்பல் பின்னணியில் கரும்புள்ளி என்ற அளவில் நான்கும் ஒன்றுபோலத்தான். மடித்த சிறகு ஒரு படம், விரித்த சிறகு ஒரு படம், உட்கார்ந்த செடி ஒரு படம் என்று ஒரே பதிவில் மூன்றையும் சேர்த்தால் பார்க்கிறவருக்கு வேலை எளிது. அடிப்புறம் மட்டும் இருந்து, அறையில் புள்ளியும் இருந்தால், இரண்டில் எது என்று ஊகிக்காமல் ‘புல் நீலன்’ அளவோடு விட்டுவிடுவதே நேர்மை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டே குழுவினர் நடத்தும் இந்திய வண்ணத்துப்பூச்சிகள் தளத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் மேற்புறம், அடிப்புறம், ஆண், பெண் என்று படங்கள் வரிசையாக இருக்கின்றன. களத்துக்குப் போகும் முன் இந்த நான்கின் பக்கங்களையும் போனில் சேமித்துக்கொண்டு போங்கள்.

எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் சில பூச்சிகள் கை விரிக்கவைக்கும். பல நாள் வாழ்ந்து செதில் உதிர்ந்த பூச்சியில் புள்ளியே மங்கியிருக்கும். கோடைத் தலைமுறையில் அடிப்புறம் வெளுத்து, புள்ளிகள் பழுப்பாகத் தேய்ந்திருக்கும். கற்றுக்கொள்ளத் தொடங்குபவர் சித்திரை வைகாசியைத் தவிர்த்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் தொடங்குவது நல்லது. புல் தளிர்த்திருக்கும், பூச்சியும் புதிதாக வந்திருக்கும், புள்ளிகள் அச்சடித்தது போலத் தெரியும். வலை போட்டுப் பிடித்துப் பார்க்கலாமே என்ற யோசனையைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோக வேண்டாம், வனத்துறை அனுமதி இல்லாமல் அது குற்றம். வெளியேயும் தேவையில்லை. இவ்வளவு மெல்லிய சிறகு வலையில் பட்டாலே செதில் போய்விடும், நாம் தேடும் புள்ளியும் அதோடு போய்விடும்.

கடையில் வாங்கினால் ஒரு சோதனை. புதிய பத்து ரூபாய் நோட்டில் மிக நுண்ணிய எழுத்தில் ஆர்பிஐ, இந்தியா, 10 என்று அச்சிட்டிருப்பார்கள். நோட்டைச் சுவரில் ஒட்டி, அரை மீட்டரில் நின்று அந்த எழுத்தைத் தேடுங்கள். எழுத்து உடையாமல், இரண்டு கண்ணுக்கும் ஒரே இடத்தில், நிறக்கரை இல்லாமல் தெரிய வேண்டும். ஒரு கண்ணை மூடி மூடிப் பாருங்கள். உருவம் மேலும் கீழும் துள்ளினால் குழல்கள் ஒத்திசையவில்லை, அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வேறு கேளுங்கள். இணையத்தில் வாங்குகிறவர் பெட்டியில் 6.5×21 என்று இருக்கிறதா, இரண்டாம் தலைமுறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து வரும்போது சுங்கவரியும் அனுப்பும் செலவும் சேர்ந்து விலை ஏறும். கடைசித் தொகையை வைத்தே ஒப்பிட வேண்டும், முதலில் கண்ணில் படும் விலையை வைத்து அல்ல. இந்தியாவில் உத்தரவாதம் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய பிறகு இதற்கு வரக்கூடிய பெரிய ஆபத்து பூஞ்சை. அடைப்பு இல்லாத கருவி, கடலோர ஈரக்காற்று, துணிப்பை மூன்றும் சேர்ந்தால் ஒரே மழைக்காலத்தில் லென்ஸுக்குள் சிலந்திவலை போல் இழை ஓடிவிடும். அதை எடுக்கும் செலவுக்குப் புதியதே வாங்கிவிடலாம். காற்றுப்புகாத சாப்பாட்டு டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் நாற்பது ஐம்பது கிராம் சிறு துணிப்பையில் போட்டு, கருவியையும் வைத்து மூடுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் ஓவனில் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் காயவைத்து, ஆறிய பிறகு மறுபடி போடலாம். களத்திலிருந்து வந்த அன்றே டப்பாவுக்குள் அடைக்காதீர்கள். மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து, ஈரம் போன பிறகு மூடுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். அதைத் துணியால் துடைத்தால் படிந்திருக்கும் புழுதியும் சேர்ந்து கீறும். பையிலேயே பத்து நிமிடம் விட்டு, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு எடுத்தால் துடைக்கவே வேண்டியிருக்காது.